பந்து ரூமில் ஒரு சமரச மன்றம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் பள்ளத்தூர்க்காரன். செட்டிநாட்டுப் பக்கத்து மேல்நிலைப் பள்ளி ஒன்றில் முப்பத்தொரு வருடம் உடற்கல்வி ஆசிரியராக இருந்து 2021-இல் ஓய்வு பெற்றேன். மாணவர்களுக்குள் அடிதடி என்று எங்காவது செய்தி வந்துவிட்டால், அடுத்த இரண்டு நாளைக்கு உங்கள் கடிதப் பகுதி முழுக்க அதைப் பற்றித்தான். ஆசிரியர் கையிலிருந்து பிரம்பைப் பிடுங்கியதால் வந்த வினை என்றுதான் பெரும்பாலோர் எழுதுகிறார்கள். நான் பிரம்பு வைத்திருந்தவன். அதனால் இதைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் பாத்தியதை உண்டு.

பள்ளிக்கூடத்தில் எந்த மூலையில் சண்டை என்றாலும் பிள்ளைகள் முதலில் ஓடிவந்து கூப்பிடுவது பி.டி. சாரைத்தான். குழாயடியில் முதலில் பாட்டிலை வைத்தது யார், பஸ்ஸில் இடம் பிடிக்கப் போட்டிருந்த பையைத் தூக்கி எறிந்தது யார், கழிப்பறைச் சுவரில் பெயர் எழுதியது யார் என்று தினமும் ஒன்று வரும். கடைசிப் பத்து வருடத்தில் இவற்றோடு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் சேர்ந்துகொண்டது. யாரை மனத்தில் வைத்து யார் என்ன போட்டார்கள் என்பது தனி வழக்கு. நான் செய்ததும் எல்லோரும் செய்ததுதான். ஆளுக்கு இரண்டு அடி, கிரவுண்டை நாலு சுற்று, அப்புறம் "கை குடுங்கடா". கொடுப்பார்கள். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். 2009-இல் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. அதன் 17-ஆவது பிரிவு பிள்ளைகளை அடிக்கவும் கூடாது, மனம் நோகப் பேசவும் கூடாது என்றது. அடியை விட்டேன். "கை குடுங்கடா"வை விடவில்லை.

அந்தக் கைகுலுக்கலால் ஒரு பையனின் படிப்பு போனது. இரண்டு பேரும் ஒன்பதாம் வகுப்பு, அரையாண்டுப் பரீட்சைக்கு முந்தின வாரம். ஒருவன் இன்னொருவனின் அம்மாவைப் பற்றி ஏதோ சொல்லியிருக்கிறான், அதில் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். என்ன சொன்னான் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பீரியடு போய்விடும். புதன்கிழமை கை கொடுக்க வைத்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் ஸ்டாப்புக்கு ஒருவனின் அண்ணன் நாலு பேரோடு வந்துவிட்டான். பேசிய பையனுக்கு முழங்கைக்கிட்டே எலும்பு முறிந்தது. இரண்டு வீடும் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்றன. கட்டுப் பிரித்த பிறகும் அவன் பள்ளிக்கூடம் வரவில்லை. சமையல் கோஷ்டி ஒன்றில் எடுபிடியாகச் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார்கள்.

சில வருடம் கழித்து காரைக்குடியில் ஒரு கல்யாணப் பந்தியில் அவனைப் பார்த்தேன். பரிமாறிக்கொண்டு வந்தான். என் இலைக்கு வந்ததும் "சார், நல்லா இருக்கீங்களா" என்று சிரித்தான். கரண்டியை நீட்டியபோது அந்த வலது கை முழுசாக நீளவில்லை, ஓரிடத்தில் நின்றது. உடம்பைச் சாய்த்துத்தான் ஊற்றினான். "இன்னொரு கரண்டி பாயசம் வைக்கட்டா சார்?" என்றான். வேண்டாம் என்று சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை.

அன்று ராத்திரி தேவகோட்டையில் வக்கீலாக இருக்கும் என் பள்ளித் தோழரிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். அவர்தான் சமரச மையம் என்ற ஒன்றைப் பற்றிச் சொன்னார். சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005 ஏப்ரலில் அதைத் தொடங்கினார்கள். நீதிமன்றமே தன் வளாகத்துக்குள் வைத்து நடத்தும் சமரச மையங்களில் நாட்டிலேயே அது முதலாவது. பிறகு மாவட்டங்களுக்கும் வந்தது. சொத்துத் தகராறு, புருஷன் பெண்டாட்டி தகராறு, கொடுக்கல் வாங்கல் என்று வருகிறவர்களை ஒரு மேசையில் உட்கார வைத்து, சமரசர் என்று பயிற்சி பெற்ற ஒருவர் இரண்டு பக்கமும் கேட்பார். தீர்ப்புச் சொல்ல மாட்டார். "அவருக்கு அந்த அதிகாரமே கிடையாதுப்பா. முடிவு அந்த ரெண்டு பேர் கையிலதான். அங்க பேசுனது கோர்ட்டுக்குள்ளயும் போகாது" என்றார் நண்பர். வெளிநாட்டுப் பள்ளிகளில் இதைப் பிள்ளைகளே செய்கிறார்கள் என்றும் சொன்னார். அமெரிக்காவில் 1980-களிலேயே சான் பிரான்சிஸ்கோவில் அக்கம்பக்கத்துச் சண்டைகளுக்குச் சமரசம் பேசிப் பழகியவர்கள் அதைப் பள்ளிக்கூடங்களுக்குக் கொண்டுபோனார்களாம். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜான்சன் சகோதரர்கள் என்று இரண்டு பேராசிரியர்கள், பொறுக்கி எடுத்த சில பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, வகுப்பில் இருக்கிற எல்லோருக்குமே இதைக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று பாடமுறையே வகுத்திருக்கிறார்கள்.

எனக்கு அந்த ஒரு சொல்தான் மனத்தில் நின்றது. தீர்ப்புச் சொல்லக் கூடாது. நாம் தீர்ப்புக்குப் பழகிய ஊர்க்காரர்கள். பஞ்சாயத்து என்றால் நாலு பெரியவர்கள் கேட்டுவிட்டு, நீ கட்டு, நீ காலில் விழு என்று சொல்லி எழுந்துவிடுவார்கள். பட்டிமன்றத்தை ஊர் ஊராகக் கொண்டுபோன குன்றக்குடி அடிகளார் நம் பக்கத்துக்காரர். 1939-லிருந்து கம்பன் கழகம் நடக்கிற ஊர் காரைக்குடி. எங்கள் பள்ளி இலக்கிய மன்றத்திலும் பிள்ளைகள் பிரமாதமாகப் பட்டிமன்றம் பேசுவார்கள், எனக்கு அதில் பெருமைதான். ஆனால் அங்கே எதிரணி பேசும்போது நம் பிள்ளை மனத்துக்குள் மறுப்பைத் தயார் பண்ணிக்கொண்டிருக்கும், கடைசியில் நடுவர் தீர்ப்புச் சொல்வார். எதிரில் இருக்கிறவன் சொல்வதை மறுப்பதற்காக இல்லாமல், விளங்கிக்கொள்வதற்காகக் கேட்பது என்பது வேறு வித்தை. அதற்கு எங்கள் பள்ளியில் மன்றம் கிடையாது.

2016 ஜூனில் தலைமையாசிரியர் அனுமதியோடு தொடங்கினோம். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடு. இடம், விளையாட்டுச் சாமான் வைக்கும் பந்து ரூம். பெயர், சமரச மன்றம். பன்னிரண்டு பிள்ளைகள். முதல் ரேங்க் எடுக்கிறவர்களாகப் பொறுக்கித் தாருங்கள் என்று வகுப்பாசிரியர்களிடம் கேட்டது என் தப்பு. அந்தப் பிள்ளைகள் எதிரில் வந்து உட்கார மற்றவர்கள் யோசித்தார்கள், டீச்சரின் ஆள் என்று நினைத்துவிட்டார்கள். அரையாண்டுக்குப் பிறகு மாற்றினேன். ஒவ்வொரு பஸ் ரூட்டிலிருந்தும் ஒருவர், ஆணும் பெண்ணும் சரிபாதி, மதிப்பெண் பார்ப்பதில்லை, வகுப்பில் பிள்ளைகளே சீட்டு எழுதித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று வைத்தோம். அப்படி வந்தவர்களில் இரண்டு பேர் அதுவரை என்னிடம் அதிகமாக அடி வாங்கியவர்கள்.

இரண்டு மாதம் பயிற்சி. வக்கீல் நண்பர் மூன்று வெள்ளிக்கிழமை மதியம் கோர்ட்டை விட்டுவிட்டு வந்தார். ஒருவர் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது. பட்டப்பெயர் கூடாது. இங்கே பேசியது இந்தக் கதவுக்கு வெளியே போகக் கூடாது. எப்போதும் இரண்டு சமரசர்கள் சேர்ந்தே உட்கார வேண்டும். ஒருவர் சொல்லி முடித்ததும், நீ சொன்னதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன், சரியா என்று திருப்பிச் சொல்லிக் கேட்க வேண்டும். "ஏன் செய்தாய்" என்று கேட்கக் கூடாது, "என்ன நடந்தது" என்றுதான் கேட்க வேண்டும். இந்தக் கடைசி விதிதான் பழக ரொம்ப நாள் ஆனது. ‘ஏன்’ என்று கேட்டதுமே பிள்ளை வாயை மூடிக்கொள்கிறது. வீட்டிலும் வகுப்பிலும் அது திட்டுக்கு முந்தின சொல்லாகவே இருந்திருக்கிறது.

அந்த மேசையில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எந்தப் பிள்ளை என்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் விலையில்லா சைக்கிள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். ஸ்டாண்டில் நிறுத்தினால் எது யாருடையது என்று தெரியாது. அதனால் பிள்ளைகள் ரிப்பன் கட்டுவார்கள், ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். புதுவயல் பையன் ஒருவன், சிங்கப்பூரிலிருந்து மாமா கொண்டுவந்த பெல்லை மாட்டியிருந்தான். ஒருநாள் அது காணாமல் போய்விட்டது. ஆத்தங்குடிப் பக்கத்துப் பையன் ஒருவனின் பையில் இருந்தது. திருடன் என்று கத்தி, மூக்கில் ரத்தம் வரும் அளவுக்குப் போய்விட்டது. பழைய ஆளாக இருந்தால் திருட்டு, டிசி என்றுதான் நானும் ஆரம்பித்திருப்பேன். வீட்டுக்குச் சொல்லியனுப்பும் முன்னால் இரண்டு பேரையும் கேட்டேன், மன்றத்தில் உட்காருகிறீர்களா என்று. சரி என்றார்கள்.

சமரசர்கள், ஒரு பிளஸ் டூ மாணவியும் ஒரு பிளஸ் ஒன் பையனும். நான் வலைப்பந்து வலையைத் தைத்துக்கொண்டு கதவோரம் உட்கார்ந்திருந்தேன். பெரியவர் ஒருவர் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும், பேச்சில் கலந்துகொள்ளக் கூடாது. அது எங்கள் ஏற்பாடு.

"பெல்லு எடுத்ததுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு தம்பி?" என்று அந்தப் பெண் கேட்டது.

ஆத்தங்குடிப் பையன் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு இரண்டு கையையும் மேசை மேல் வைத்தான். நகக்கண்ணில் எல்லாம் சிவப்பும் பச்சையும். அவன் அப்பா தரையில் பதிக்கும் கல்லைச் செய்கிறவர். ஆத்தங்குடிக் கல்லுக்குக் கண்ணாடி மேல் அச்சை வைத்து அதில் சாயத்தைக் கையால்தான் ஊற்ற வேண்டும். சனி ஞாயிறு இவனும் கூட நிற்பான். திங்கட்கிழமை நகத்தில் சாயம் போகாது. "சாயம் சாயம்னு கூப்பிடறான். அட்டெண்டன்ஸ் எடுக்கிறப்பக்கூட என் பேரு வந்ததும் பின்னாடிலேர்ந்து ‘சாயம்’னு சத்தம் வரும்."

பெண் அதைத் திருப்பிச் சொல்லிச் சரியா என்று கேட்டுவிட்டு, மற்றவன் பக்கம் திரும்பியது. அவன், "எல்லாரும்தான் சொல்றாங்க. நானும் சொன்னேன். அவனும் சிரிப்பானே" என்றான்.

"சிரிச்சியா தம்பி?"

"சிரிக்கலேன்னா இன்னும் சொல்லுவாங்கக்கா."

வலையில் ஊசியை வைத்தபடியே இருந்துவிட்டேன். ஆறு வருடமாக இந்தப் பையன் கிரவுண்டில் சிரித்ததைப் பார்த்திருக்கிறேன். நானே ஒருநாள் அந்தப் பெயரைச் சொல்லி அவனைக் கபடிக்குக் கூப்பிட்டிருக்கிறேன். சிரித்துக்கொண்டேதான் வந்தான்.

புதுவயல் பையன் தலையைக் குனிந்துகொண்டான். மன்னிப்புக் கேள் என்று அந்தப் பிள்ளைகள் சொல்லவில்லை. "இப்ப ஒனக்கு என்ன வேணும், ஒனக்கு என்ன வேணும்" என்று ஆளுக்கொரு தடவை கேட்டார்கள். ஒருவனுக்குத் தன் பெயர் வேண்டும். இன்னொருவனுக்குப் பெல்லு வேண்டும், திருடன் என்று தான் கத்தியதைக் கேட்டவர்களிடம் என்ன சொல்வது என்பதும் தெரிய வேண்டும். நாற்பது நிமிடம் ஆனது. நோட்டில் எழுதினார்கள். பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன், பின்னாலிருந்து சத்தம் வந்தால் நிறுத்தச் சொல்வேன் என்று ஒருவன். பெல்லை நாளைக்குப் பிரேயருக்கு முன்னால் மாட்டித் தருவேன், கழற்றும்போது ஸ்குரு தொலைந்துவிட்டது, வேறு வாங்கிப் போடுவேன் என்று இன்னொருவன். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

எதற்கு எழுதி வாங்க வேண்டும், வாயால் சொன்னால் போதாதா என்று என்னோடு வேலை பார்த்தவர்கள் கேட்டதுண்டு. நகரத்தார் வீடுகளில் கல்யாணத்துக்கே இசைகுடிமானம் என்று ஓர் ஒப்பந்தம் எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்துப் போடுகிற சீமை இது. தன் கையால் தன் சொல்லை எழுதுவது பதினாறு வயதுப் பிள்ளைக்கு ஒரு கௌரவம். பத்து நாள் கழித்து அதே சமரசர்கள் இருவரையும் கூப்பிட்டு, எழுதியது நடக்கிறதா என்று கேட்க வேண்டும் என்பதும் விதி. இந்த விஷயத்தில் நடந்தது. நடக்காததும் உண்டு. ஒரே வாரத்தில் முறிந்த உடன்படிக்கைகள் நோட்டில் இருக்கின்றன. மேசை வரைக்கும் வந்து, பேச மாட்டேன் என்று எழுந்து போனவர்கள் இருக்கிறார்கள். வரச் சொல்லி யாரையும் வற்புறுத்தியதில்லை. வற்புறுத்தினால் அது என் பழைய "கை குடுங்கடா"தான்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் பிள்ளைகள் தலையில் கட்டக் கூடாது. 2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்களே, அது சமரசம் பேசுகிற விஷயமா? அதற்கு முந்தின கட்டமும் இல்லை. சாதியைச் சொல்லி ஒருவனை நாள்தோறும் வதைப்பதில் இரண்டு பக்கம் கிடையாது. வதைபடுகிறவனை வதைக்கிறவன் எதிரில் உட்கார வைத்து "உனக்கு என்ன வேணும்" என்று கேட்பது இன்னொரு வதை. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டும் சாதிக் கயிறு வரைக்கும் அதில் பேசியிருக்கிறது. அவை பெரியவர்கள் செய்து முடிக்க வேண்டிய வேலைகள். சாதி, ஆயுதம், போதைப் பொருள், பெண் பிள்ளையிடம் தப்பாக நடப்பது, பணம் கேட்டு மிரட்டுவது, ஒரு பிள்ளை உயிரை விடுவதாகச் சொல்வது, இவற்றில் எது காதில் விழுந்தாலும் சமரசர் நோட்டை மூடிவிட்டு நேராக ஆசிரியரிடம் வர வேண்டும் என்று முதல் நாளே சொல்லிக்கொடுத்தோம். குழந்தைகள் உதவி எண் 1098-உம் கல்வித் துறையின் உதவி எண் 14417-உம் பந்து ரூம் கதவில் பெயிண்டில் எழுதியிருந்தது. இரண்டு தடவை பிள்ளைகள் அப்படி நோட்டை மூடிவிட்டு வந்திருக்கிறார்கள். அவற்றைப் பற்றி நான் எழுத மாட்டேன்.

2020 மார்ச்சில் பள்ளிகளை மூடினார்கள். திரும்பத் திறந்தபோது மன்றம் திறக்கவில்லை. விட்டுப்போன பாடத்தை முடிக்க வேண்டும் என்றார்கள், நானும் ஓய்வுபெறும் வருடத்தில் வாதாடவில்லை. வாதாடியிருக்க வேண்டும்.

இன்று அரசுப் பள்ளிகளில் மன்றங்களுக்குக் குறைவில்லை. இலக்கிய மன்றம், வினாடி வினா, சிறார் திரைப்படம், சுற்றுச்சூழல் என்று இருக்கின்றன. ஆறு முதல் எட்டு வரை படிக்கிற பிள்ளைகளுக்கு அறிவியலும் கணக்கும் செய்து பார்க்க 2022 நவம்பரில் வானவில் மன்றம் வந்தது. கலைத் திருவிழா நடக்கிறது. 2024-இல் மகிழ் முற்றம் என்று குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை பெயரில் பிள்ளைகளை அணி பிரித்தார்கள். நல்ல காரியங்கள், மனதாரப் பாராட்டுகிறேன். என் பேத்தி நெய்தல் அணி. ஆனால் மன்ற வேளை எத்தனை பள்ளிகளில் மன்ற வேளையாகவே நடக்கிறது என்பதை ஆசிரியராக இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பொதுத் தேர்வு நெருங்கினால் கணக்கு சார் கேட்பார், பிறகு இயற்பியல் டீச்சர் கேட்பார். புகைப்படம் எடுத்து ஏற்றிவிட்டால் மன்றம் நடந்த கணக்கு. விளையாட்டு பீரியடு எப்படிப் போயிற்றோ அப்படியே இதுவும் போகிறது. முப்பத்தொரு வருடம் அந்தப் பறிகொடுப்பைப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், பிள்ளைகளுக்கு இந்த ஒரு மணி நேரத்தை விட்டுவையுங்கள்.

மகிழ் முற்றத்தில் ஒவ்வொரு அணியிலிருந்தும் இரண்டு பேரைப் பிள்ளைகளே தேர்ந்தெடுத்தால் பத்துச் சமரசர்கள் ஆகிவிடும். பணம் வேண்டாம். ஒரு மேசை, நாலு நாற்காலி, ஒரு நோட்டு, கதவுள்ள ஓர் அறை, கூப்பிடு தூரத்தில் வாயை மூடிக்கொண்டு உட்காரத் தெரிந்த ஓர் ஆசிரியர். இதில் கிடைப்பதற்கு அரியது கடைசியாகச் சொன்னதுதான், எனக்கே இரண்டு வருடம் ஆனது. 2023-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சமரசச் சட்டத்தில், அக்கம்பக்கத்தில் அமைதி கெடுகிற தகராறுகளுக்குச் சமுதாய சமரசம் என்று தனி அத்தியாயமே இருக்கிறது. நாளைக்கு ஊரில் அந்த மேசைக்குப் பின்னால் உட்கார ஆள் வேண்டாமா? சிவகங்கை மாவட்டத்தில் பயிற்சி பெற்ற வக்கீல்கள் இருக்கிறார்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோர் ஒருவர் எழுந்து கேட்டால் போதும், அவர்களைக் கூப்பிட்டு விடலாம்.

கோட்டையூர், புதுவயல், கானாடுகாத்தான், கண்டனூர், காரைக்குடி, இந்தச் சுற்று வட்டத்தில் எந்த மேல்நிலைப் பள்ளி கூப்பிட்டாலும் நான் வருகிறேன். வெள்ளிக்கிழமை மதியம் இரண்டரைக்கு மேல் எனக்கு வேறு வேலை கிடையாது, போக வர என் டிவிஎஸ் ஐம்பது இருக்கிறது. பழைய விதிகளை எழுதிய அட்டையும் பரணில் பத்திரமாக இருக்கிறது. ஓரம் கொஞ்சம் கரையான் அரித்திருக்கிறது, எழுத்துப் படிக்கிறபடிதான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
பள்ளத்தூர், சிவகங்கை மாவட்டம்